உரிமையாளரின் கையெழுத்து

சிவநாயகி அக்கா சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டு வாசலில் சப்பாத்தோடு நின்றால் காரணம் இரண்டுதான். ஒன்று, கலியாணக் காட் கொடுத்துவிட்டு இன்னும் பத்து வீட்டுக்குப் போகவேண்டி இருக்கும். இல்லையென்றால், உள்ளே வரச் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்தே வந்திருப்பார்கள். அக்காவின் கையில் காட் இல்லை. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த தாள் இருந்தது. லோறென்ஸ்கூக்கிலிருந்து பஸ் மாறி ஹவுகன்ஸ்டுவாவுக்கு வந்து, லிஃப்ட் பழுதென்று மூன்று மாடி படியேறி, மூச்சு வாங்க நின்ற அந்த மனுசியை நான் உள்ளே வரச் சொல்லவில்லை. குசினியிலிருந்து என் மனைவி தேவிகா, "ஆரப்பா அது?" என்று கேட்டாள்.

"தம்பி, ஒரு கையெழுத்துத்தான்," என்றார் அக்கா. "பிள்ளை எல்லாம் நிரப்பி வைச்சிருக்கிறாள். நீங்கள் அடியிலை ஒண்டு போட்டாக் காணும்."

"என்ன கையெழுத்து?"

எனக்குத் தெரியும். ஒஸ்லோவிலிருந்த தமிழர் அத்தனை பேருக்கும் அந்தக் கிழமை அது தெரியும். தெரியாததுபோலக் கேட்பதில் ஒரு ருசி இருந்தது. அதை இப்போது மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"அந்த வீடியோ..." என்றார்.

அந்த வீடியோவை எடுத்தவன் நான். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுவேன், சனி ஞாயிறில் கமராவைத் தூக்குவேன். கலியாணம், பிறந்தநாள், சாமத்திய வீடு, செத்தவீடு, எதற்கும் குகநேசன்தான். 2003இல் பத்மநாதன் அண்ணைக்கும் சிவநாயகி அக்காவுக்கும் ஒரே மகளான தர்மிகா பெரியபிள்ளையானபோது அந்தச் சடங்கையும் நான்தான் எடுத்தேன். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முந்நூற்றைம்பது பேரை அழைத்திருந்தார்கள். மேடையில் ஆளுயரத்துக்கு என்னுடைய தாமரைப்பூ ஒன்று. சுவிட்சைப் போட்டால் இதழ்கள் விரியும், புகை கிளம்பும், உள்ளே பிள்ளை சேலையும் ஒட்டியாணமும் சடைநாகமுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் பதினாறு நிமிடத்துக்கு வெட்டி, பாட்டுப் போட்டு, முதல் காட்சியிலேயே பெயர், வயது, திகதி மூன்றையும் பொன்னெழுத்தில் மிதக்கவிட்டேன். மூலையில் 'குகன் வீடியோ, ஒஸ்லோ' என்று தொலைபேசி இலக்கத்தோடு என் முத்திரை. பத்மநாதன் அண்ணை வந்தவர்கள் எல்லோருக்கும் பலகாரப் பையோடு ஒரு டிவிடி கொடுத்தார். பெற்ற மகள் வயதுக்கு வந்த செய்தியை முந்நூற்றைம்பது தட்டில் அடித்துப் பங்கிட்ட மனிதர் அவர். கேட்டால் எங்கள் பண்பாடு என்பார். அதில் பிழைக்கிற நான் சிரிக்கக்கூடாதுதான்.

ஆறு வருடம் அந்தத் தட்டுகள் அலுமாரிகளில் கிடந்தன. 2009 ஆகஸ்ட்டில் யாரோ அதிலிருந்து மூன்று நிமிடத்தை அறுத்தெடுத்து ஓர் அமெரிக்க வீடியோத் தளத்தில் ஏற்றினார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. நான் இல்லை. தலைப்பு நோர்வேஜிய மொழியில் இருந்தது: 'வருங்கால நாடாளுமன்ற உறுப்பினருக்கு முதல் மாதவிடாய் வாழ்த்துகள்.' ஒரு கிழமையில் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். கீழே எழுதியிருந்தவற்றை நான் இங்கே எழுதமாட்டேன்.

தர்மிகா அப்போது தேர்தலில் நின்றாள். அந்த வருடம் ஏப்ரலில் நாங்கள் எல்லோரும் வேலையை விட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், ஸ்தோர்டிங் என்கிற நாடாளுமன்றத்துக்கு முன்னால் கொடியும் படங்களுமாக நின்றோம். ஊரில் சனம் செத்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தர்மிகா ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் சொந்த நோர்வேஜிய மொழியில் பேசினாள். கோப்பியோடு கடந்து போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் நின்றார்கள். அதுவரை எங்களைப் பார்த்து யாரும் நிற்கவில்லை. மே மாதம் எல்லாம் முடிந்துபோனது. அதன்பிறகு கடைத்தெருவில் கண்டாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினோம். அந்த நேரத்தில் ஒரு கட்சி அவளைத் தன் ஒஸ்லோப் பட்டியலில் பத்தொன்பதாவதாகப் போட்டது. வெல்லுகிற இடம் இல்லை. ஆனாலும் அச்சடித்த வாக்குச்சீட்டில் எங்கள் பிள்ளையின் பெயர் இருந்தது. நகரத்தின் தெற்கே பியோர்ண்டாலிலிருந்து வடக்கே ஸ்தொவ்னர்வரை வீட்டுக்கு வீடு அந்தச் சீட்டைக் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார்கள்.

அந்தக் கட்சி இளைஞர்களின் பெரிய கொள்கை ஒன்று உண்டு. இணையத்தில் படமும் பாட்டும் பகிர்ந்தால் குற்றமில்லை என்று சட்டம் வரவேண்டுமாம். நாடே அன்றைக்கு அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. படக் கம்பெனிகள் ஒருபக்கம், திருட்டுத்தனமாக இறக்குகிறவர்களின் இணைப்பை வெட்டு என்று நின்றன. மற்றப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வெட்டினால் வாக்கில்லை என்று நின்றார்கள். ஒருநாள் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் தர்மிகா வந்தாள். "நகல் எடுத்தால் யாரும் எதையும் இழப்பதில்லை. மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது," என்றாள். சபை கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. அன்று பத்து நிமிடம் பிந்தித்தான் பஸ்ஸை எடுத்தேன்.

ஏன் எரிந்தது என்பதையும் சொல்கிறேன். நான் ஒரு படம் எடுத்தேன். சடங்குப் படமில்லை, சினிமாப் படம். மூன்று பனிக்காலம், லீவு நாட்கள் எல்லாவற்றையும் விழுங்கி, நடிக்கத் தெரியாதவர்களை நடிக்கவைத்து எடுத்த இரண்டு மணி நேரப் படம். 2007 ஜனவரியில் நகரத்துக்குள் ஒரு திரையரங்கை இரண்டு ஞாயிறு பிடித்தேன். முதல் ஞாயிறு அரங்கு நிறைந்தது. இரண்டாவது ஞாயிறுக்கு முந்தின நாள் பத்மநாதன் அண்ணையை நேரில் அழைக்கப் போனேன். அவருடைய வரவேற்பறையில் என் படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அரங்கில் இருந்தபடியே சின்னக் கமராவில் பிடித்திருக்கிறார்கள். முன்வரிசைத் தலைகள் தெரிந்தன, ஒரு குழந்தை குறுக்கே ஓடியது, கதாநாயகி சாகும் இடத்தில் யாரோ இருமினார்கள். "உன்ரை படம்தான் பாக்கிறம், வா, இரு," என்றார் அண்ணை. "நல்லாத்தான் எடுத்திருக்கிறாய்." சோபாவில் கால் மடக்கி இருந்த தர்மிகா துள்ளி எழும்பி, "அங்கிள், நான் இதை நெட்டிலை ஏத்தினனான். நூற்றி நாப்பது பேர் இறக்கிட்டினம்!" என்றாள். பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் அப்போது அவளுக்கு. மறுநாள் அரங்குக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் அரங்கைக் கூட்டுகிறவர்கள். நான் அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை.

இந்தக் கதைதான் வாசலில் நின்ற எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. அக்காவுக்கும் அது தெரியும்.

"பிள்ளையின்ரை முகம் தெரியுது எண்டு நாங்கள் அந்தத் தளத்துக்கு எழுதினதுக்குப் பதிலே இல்லை தம்பி," என்றார். "கட்சி வக்கீல் சொல்லுறார், எடுத்தவர்தான் உரிமையாளராம். உரிமையாளர் எழுதினா ரெண்டு நாளிலை அகத்துவாங்களாம்."

"அப்ப சட்டப்படி நான் உரிமையாளர்."

"ஓம் தம்பி."

"உந்தச் சட்டத்தைத்தானே உங்கடை மகள் வேண்டாம் எண்டு ஊரெல்லாம் கத்திக்கொண்டு திரியிறா?"

அக்கா தாளை நீட்டியபடியே நின்றார். படிக்கட்டில் பக்கத்து வீட்டு சோமாலியப் பெண் மரக்கறிப் பையோடு ஏறி வந்தாள். அவளுக்கு வழிவிட அக்கா சுவரோடு ஒட்டி நின்றார். நான் அசையவில்லை.

"அவவை வரச் சொல்லுங்கோ," என்றேன். "கையெழுத்து வேணுமெண்டா அவதான் கேக்கோணும்." கதவைச் சாத்தினேன். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்கக் கனநேரம் எடுத்தது.

தேவிகா குசினி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "ஒரு கையெழுத்திலை என்ன குறைஞ்சு போகப்போறியள்?" என்று கேட்டாள். "உமக்கு விளங்காது," என்றேன். "எனக்கு விளங்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று சாப்பாட்டை மேசையில் வைத்து மூடிவிட்டுப் படுத்துவிட்டாள்.

அடுத்த மூன்று நாளில் என் தொலைபேசி பலமுறை அடித்தது. பத்மநாதன் அண்ணை முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு இரண்டையும் ஒன்றாகச் செய்தார். "உனக்கு நான் என்ன குறை வைச்சனான்? முந்நூற்றம்பது பேருக்கு முன்னாலை உன்னைக் கூப்பிட்டு மாலை போடேல்லையே?" என்றார். போட்டார்தான். வேறு சிலரும் எடுத்தார்கள். வீடியோவின் மூலையிலிருந்த இலக்கத்தைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் நோர்வேஜிய மொழியில் ஏதோ அசிங்கமாகச் சொல்லிச் சிரித்து வைத்தார்கள். மூன்றாவது டென்மார்க்கிலிருந்து ஒரு தமிழ்த் தகப்பன். தன் மகளுக்கும் அடுத்த மாதம் சடங்காம், அந்தத் தாமரைப்பூ இன்னும் கையில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன், திகதியைக் குறித்துக்கொண்டேன்.

எங்கள் சனத்தின் வாயும் சும்மா இருக்கவில்லை. ஏப்ரலில் அவளைத் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடியவர்கள், பெட்டைப்பிள்ளையை அரசியலுக்கு விட்டால் இப்படித்தான் என்றார்கள். அதைச் சொன்னவர்களின் வீட்டு அலுமாரியிலும் அந்த டிவிடி இருந்தது. ஒரு உயர்நிலைப் பள்ளி விவாதத்தில் அவள் பேச எழும்பியபோது யாரோ மேடைக்கு மாதவிடாய்ப் பஞ்சுப் பொதி ஒன்றை எறிந்தார்களாம். அவள் அதை எடுத்துத் தண்ணீர்க் கிளாசுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுப் பேசினாளாம். அதைக் கேட்டு எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததில் எனக்கே என்மீது எரிச்சல் வந்தது. கட்சி அவளைக் கடைசி வாரப் பிரசாரத்திலிருந்து ஒதுக்கப் போகிறது, வீடியோ போனால்தான் அவளை மேடையேற விடுவார்கள் என்றும் கதை வந்தது. என் கையெழுத்துக்கு நாளுக்கு நாள் கனம் ஏறியது.

சனிக்கிழமை பின்னேரம் அவள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றி, ஒன்றோடொன்று ஒட்டி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பதினெட்டு வயது. தேவிகா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, அவளுடைய தலையைத் தடவிவிட்டு, என்னைப் பார்க்காமலே போனாள்.

"அங்கிள், நான் வந்திருக்கிறன்," என்றாள். தாளை மேசையில் விரித்தாள். பேனாவும் கொண்டுவந்திருந்தாள்.

"கையெழுத்துப் போடமுதல் நான் பாக்கவேண்டாமே? என்ரைதானோ எண்டு உறுதிப்படுத்தோணும். இதிலையே எழுதிக் கிடக்கு, பொய் சொன்னாக் குற்றமாம்."

"உங்கடைதான். மூலையிலை பேர் இருக்கு."

"பேரை ஆரும் ஒட்டலாம்."

கணினியைத் திருப்பி அவளுக்கும் தெரியும்படி வைத்தேன். மூன்று நிமிடத்தை இல்லை, என்னிடமிருந்த பதினாறு நிமிடத்தையும் போட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க என்று சொன்னேன். அவள் சோபாவின் நுனியில், முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு இருந்தாள். கண்ணை மூடவில்லை. தாய்மாமன் தலையில் பாலும் அறுகும் வைக்கிறார். சுமங்கலிகள் ஆரத்தி எடுக்கிறார்கள். பாட்டு உயர, புகை கிளம்ப, தாமரை விரிகிறது. உண்மையைச் சொன்னால், நல்ல வேலை. ஆறு வருடத்துக்குப் பிறகு பார்த்தபோதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"இந்த இடத்தைப் பார்," என்றேன். "இதழும் புகையும் ஒண்டா வரோணும் எண்டு மூண்டு தரம் எடுத்தனான்."

"நாலு தரம், அங்கிள்," என்றாள்.

வீடியோ முடிந்தது. என் பெயரும் இலக்கமும் திரையில் நின்றன. அவள் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாள்.

"நான் ஏத்தினது பிழைதான்," என்றாள். "உங்களைக் கேக்காமல் செய்தனான். ஆனா உங்களைப் பகிடி பண்ண ஏத்தேல்லை. சனம் பாக்கோணும் எண்டுதான். நல்ல படம் அங்கிள். அந்த அக்கா சாகேக்கை நான் அழுதனான்."

யாரோ இருமிய இடம் அது. அந்தப் படத்தைப் பார்த்து அழுததாக அதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு கணம் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. உடனே கோபம் அதைவிட வேகமாக வந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டரை வருடம் காத்திருந்ததை இந்தச் சின்னப்பெட்டை கண்டுபிடித்துவிட்டாளே என்ற கோபம்.

"அதுக்கென்ன, திருடினவை அழுதா திருட்டு இல்லையெண்டு ஆகுமே?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். விவாத மேடையில் பார்க்கிற அதே பார்வை. "ஏப்ரல்லை நீங்கள் இந்த அறையிலை இருந்து ஐந்நூறு டிவிடி அடிச்சனீங்கள். வன்னியிலை ஆரோ சாகப்போற ஒருத்தர் எடுத்தது. நாங்கள் அதை ஸ்தோர்டிங்குக்கு முன்னாலை நிண்டு வெள்ளைக்காரருக்குக் குடுத்தனாங்கள். அதை எடுத்தவரிட்டை நீங்கள் கேட்டனீங்களோ?"

"அது வேறை."

"எப்பிடி வேறை?"

"அது செத்துக்கொண்டிருந்த சனத்துக்காக."

"அதிலையும் பிள்ளையள் இருந்தவை, அங்கிள். உடுப்பில்லாமல் கிடந்தவை. அவையளின்ரை முகத்தை நாங்கள் மறைக்கேல்லை."

பேனாவை எடுத்துத் தாளின் மேல் வைத்து, மூடியைத் திறக்காமல், என் நிபந்தனையைச் சொன்னேன். அடுத்த புதன்கிழமை நகரத்தில் இளைஞர் மண்டபத்தில் எல்லாக் கட்சி இளையவர்களும் பேசும் கடைசி விவாதம். அங்கே, ஒலிவாங்கியில், கேட்காமல் நகல் எடுப்பது திருட்டு என்று சொல்ல வேண்டும். தானும் ஒருவனிடம் திருடினவள் என்று சொல்ல வேண்டும். நான் முன்வரிசையில் கமராவோடு இருப்பேன். சொல்லி முடித்ததும் கையெழுத்து.

குசினியில் பாத்திரம் ஒன்று விழுந்தது. தேவிகா போட்டாளா, தவறி விழுந்ததா தெரியவில்லை.

"அப்பிடிச் சொன்னா நான் கட்சியிலை இருக்கேலாது," என்றாள் தர்மிகா. மிரட்டலாகவோ கெஞ்சலாகவோ சொல்லவில்லை. நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்ப்பதற்காகச் சொன்னாள்.

"அது உன்ரை விருப்பம்."

"அம்மா வேலைக்குப் போறேல்லை," என்றாள். "அவ வேலை செய்யிற வயோதிபர் இல்லத்திலை ஆரோ அதைத் தொலைபேசியிலை வைச்சுப் பாத்துச் சிரிச்சிருக்கினம். அப்பா ஒருதரோடையும் கதைக்கிறேல்லை. நான் ஸ்தோர்டிங்குக்குப் போகாட்டிலும் பரவாயில்லை அங்கிள், அம்மா வேலைக்குப் போகோணும்." தாளை என் மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பினாள். வாசலில் சப்பாத்துக்குள் காலை விட்டபடி, "புதன்கிழமை, ஆறு மணி," என்றாள்.

புதன்கிழமை வேலையை மாற்றிக்கொண்டு ஐந்தரைக்கே போய் முன்வரிசையில் கமராவைப் பொருத்தினேன். இருநூறு பேர் இருக்கும், எல்லாம் இளசுகள். அவள் மேடைக்கு வந்தபோது பின்வரிசையிலிருந்து யாரோ அந்த வீடியோவின் தலைப்பைப் பாட்டாகப் பாடினார்கள். கொஞ்சம் சிரிப்பு. இணையப் பகிர்வு பற்றிய கேள்வி வந்தபோது அவளுடைய கட்சித் தோழன் ஒலிவாங்கியை அவள் பக்கம் நகர்த்தினான். அவளுடைய வழக்கமான இடம் அது. வழக்கமான பதிலை எதிர்பார்த்துத் தலையாட்டத் தொடங்கிவிட்டான்.

அவள் நோர்வேஜிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக, நான் சொன்னதைச் சொன்னாள். கேட்காமல் நகல் எடுப்பது திருட்டு. பதினைந்து வயதில் நான் ஒரு மனிதரின் படத்தைத் திருடினேன். அதற்குப் பிறகு அவர் படம் எடுக்கவில்லை. இதுவரை நான் பேசியது பிழை. மண்டபம் ஒரு கணம் விளங்காமல் இருந்தது, பிறகு ஊளையிட்டது. பக்கத்திலிருந்த தோழன் அவளுடைய முகத்தையும் கட்சித் தலைவர்கள் இருந்த வரிசையையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் ஊளை அடங்கும்வரை நின்றாள். அழவில்லை. பிறகு ஒலிவாங்கியை விடாமலே, நேராக என்னைப் பார்த்து, தமிழில் கேட்டாள்:

"அங்கிள், இவ்வளவும் காணுமோ?"

இருநூறு பேரும் அவள் பார்த்த திசையில் திரும்பினார்கள். கமராவுக்குப் பின்னால் நின்ற நரைத்த தலைத் தமிழன் ஒருவனை அவர்கள் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அப்போது நான் செய்த காரியங்களிலேயே அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது. காணும் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து கையெழுத்திட்டு அனுப்பினேன். சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை நான். நான் எடுத்த பதிவை எங்கும் ஏற்றவில்லை. தேவையும் இருக்கவில்லை. மண்டபத்திலிருந்த பெடியன்களே கைத்தொலைபேசியில் பிடித்து அன்றே ஏற்றிவிட்டார்கள். கட்சி மறுநாள் காலை இரண்டு வரியில் அறிக்கை விட்டது. தனிப்பட்ட காரணங்களுக்காக அவள் பிரசாரத்திலிருந்து விலகுகிறாளாம். வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டதால் பெயர் மட்டும் பத்தொன்பதாவது இடத்தில் கிடந்தது. எங்கள் ஆட்களில் பலர் அந்தத் தேர்தலில் வாக்களிக்கவே போகவில்லை.

வெள்ளிக்கிழமை வீடியோ போய்விட்டது. அந்த முகவரியில் கறுப்புத் திரையும், உரிமையாளரின் வேண்டுகோளுக்கு இணங்க அகற்றப்பட்டது என்று ஒரு வரியும். அந்த வரியை நான் நாலைந்து தரம் வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை அது மூன்று இடத்தில் திரும்ப முளைத்தது. அகற்றியதால்தான் முளைத்ததாம். இந்த உலகத்தில் ஒன்றை அகற்றினால், அகற்றியதற்காகவே பத்துப் பேர் ஏற்றுவார்கள் என்று அவளுக்கு முதலே தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியாது. ஒன்றில் பாட்டை மாற்றியிருந்தார்கள். ஒன்றில் அவள் மண்டபத்தில் சொன்னதையும் தாமரை விரிவதையும் மாறி மாறி ஒட்டியிருந்தார்கள்.

தர்மிகாவிடமிருந்து மின்னஞ்சல் வரத் தொடங்கியது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. ஒரு இணைப்பு மட்டும். நான் திறந்து, பார்த்து, என்னுடையதுதான் என்று உறுதிசெய்து, படிவத்தை நிரப்பி அனுப்புவேன். இரண்டு நாளில் அது போகும். அடுத்த கிழமை இன்னொரு இணைப்பு வரும். செப்டம்பர் போய், ஒக்டோபர் போய், பனி விழத் தொடங்கியது. ஒருமுறை, "உன் அம்மா வேலைக்குப் போகிறாரா?" என்று எழுதிக் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த இணைப்புத்தான் வந்தது. டென்மார்க் சடங்குக்கு நான் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் வந்த இணைப்பைத் திறந்தபோது படம் புதிதாக இருந்தது. பொன்னெழுத்து இல்லை, பாட்டு இல்லை, என் முத்திரையும் இல்லை. கொஞ்சநேரம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சடங்கு முடிந்த கையோடு பத்மநாதன் அண்ணை, கனடாவிலிருக்கும் தமக்கைக்கு என்று, வெட்டாத முழு ஒளிப்பதிவையும் கேட்டு வாங்கியிருந்தார். எங்கள் ஆட்களுக்கு வெட்டின படத்தில் நம்பிக்கை கிடையாது. தங்கள் முகம் வெட்டுப்பட்டிருக்குமோ என்று பயம். நானும் திருப்பிப் பார்க்காமல் மூன்று மணி நேரத்தையும் அப்படியே அடித்துக் கொடுத்தேன். எத்தனை நகல் எடுத்தார்கள், எத்தனை நாடு போனது, யாருக்குத் தெரியும்.

இதழ்களை மூடிவிட்டுப் பிள்ளையைத் திரும்ப உள்ளே ஏறச் சொல்லும் இடம். அவளுக்குச் சேலை தடக்குகிறது. ஒட்டியாணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "யை வில் இக்கெ," என்கிறாள். எனக்கு வேண்டாம். "பப்பா, யை வில் இக்கெ." நாற்பதாயிரம் நோர்வேஜியருக்கும் விளங்கும் மொழியில் சொல்கிறாள். மை கரைந்து கன்னத்தில் இறங்குகிறது. பத்மநாதன் அண்ணை மேடைக்குக் கீழே தயங்கி, "பிள்ளை அழுறாள், விடுவமே?" என்று கேட்கிறார். அப்போது கமராவின் ஒலிவாங்கிக்குக் கிட்டவிருந்து, மற்ற எல்லாக் குரலையும்விடப் பெரிதாக, ஒரு ஆண் குரல் சொல்கிறது:

"அழட்டும் அண்ணை, பரவாயில்லை. பிறகு பாட்டுப் போட்டு மூடலாம்."

குசினியிலிருந்து தேவிகா, "ஆர் உது கதைக்கிறது?" என்று கேட்டாள்.

படிவத்தைக் கணினியின் மற்ற யன்னலில் திறந்துதான் வைத்திருந்தேன். இந்தப் படைப்பின் உரிமையாளர் நீங்களா என்ற கேள்விக்கு நேரே வெறுமையாக ஒரு பெட்டி. திரையில் அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தானாகவே பூவுக்குள் ஏறி உட்கார்ந்து, குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்க்கிறது. கமரா அதன் முகத்தை நோக்கி மெல்ல மெல்லக் கிட்டப் போகிறது. கொஞ்சமும் நடுங்கவில்லை.